லைற்றை நூத்தால் போதுமா, பெற்றோரே?

மொன்றியலில் எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் இந்த ஒரு வசனம் காதில் விழும்: "அறையை விட்டு வரேக்க லைற்றை நூத்துப்போட்டு வா, ஹைட்ரோ பில் ஏறுது." கரண்டைப் பற்றிப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுக்கும் பாடம் அதோடு முடிந்துவிடுகிறது. அந்தக் கரண்ட் எங்கிருந்து வருகிறது, ஏன் அங்கிருந்து வருகிறது, அப்படி வரவேண்டும் என்று யார் முடிவெடுத்தார்கள், முடிவெடுத்தபோது யாரைக் கேட்டார்கள், யாரைக் கேட்காமல் விட்டார்கள்? இவை எந்தச் சாப்பாட்டு மேசையிலும் எழாத கேள்விகள். கணக்குக்கு ரியூசன், சனிக்கிழமை தமிழ் வகுப்பு, பரதம், மிருதங்கம், நீச்சல் என்று பனியிலும் மழையிலும் கார் ஓட்டித் திரிகிற பெற்றோர் நாம். பிள்ளை வாழும் ஊர் எப்படி இயங்குகிறது என்று சொல்லிக்கொடுக்க மட்டும் நேரமில்லை என்கிறோம். இதைக் கண்டித்துத்தான் எழுதுகிறேன்.

"பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பினம்தானே" என்று சொல்வீர்கள். படிப்பிக்கிறார்கள். காற்றாலை நல்லது, நிலக்கரி கூடாது, சூரியன் சும்மா கிடைக்கிறது என்று பிள்ளை படம் கீறி நிறம் தீட்டிக் கொண்டுவந்து பிரிட்ஜ் கதவில் ஒட்டுகிறது. ஓர் ஊர் தன் கரண்டுக்கு எதை எரிக்கலாம், எந்த ஆற்றை மறிக்கலாம் என்று தீர்மானிக்கும் இடத்தில் விடயம் அவ்வளவு இலகுவாக இருப்பதில்லை. எந்த வழிக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையை யாரோ ஒருவர் கொடுக்கிறார், பெரும்பாலும் கரண்டைப் பாவிக்காத ஒருவர். இதை ஒரு பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியவைக்கப் பக்கத்தில் இருந்து பொறுமையாகக் கதைக்கும் பெரியவர் ஒருவர் வேண்டும். இருபத்தைந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு நிற்கும் ஆசிரியர்மீது அந்தப் பொறுப்பையும் ஏற்றாதீர்கள்.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் டவுன்டவுனில் தொடங்குங்கள். சப்பாத்து வாங்க, சைனா டவுனில் சாப்பிட, ஜாஸ் விழா பார்க்க என்று எப்படியும் பிள்ளைகளோடு போகிறீர்கள். றெனே லெவெக் பெருந்தெருவில் 75ஆம் இலக்கத்தில் ஹைட்ரோ கியூபெக்கின் தலைமையகம் நிற்கிறது, 1962இல் திறக்கப்பட்ட கட்டடம். அதற்கு ஏறக்குறைய எதிரே கி ஃபவ்ரோ கட்டடத்தொகுதி. எங்களில் எத்தனையோ பேர் அகதி விசாரணைக்காகக் கோப்புக்கட்டோடு ஏறி இறங்கிய வாசல் அது. அதை நாம் மறக்கவில்லை, பிள்ளைகளுக்கும் காட்டியிருக்கிறோம். தெருவின் மற்றப் பக்கத்தில் நிற்கும் கட்டடத்தைக் காட்டியதுண்டா? அந்தத் தெருவுக்கு யாருடைய பெயர் என்று சொன்னதுண்டா?

ஒரு காலத்தில் மொன்றியலின் கரண்டும் காஸும் ஒரே தனியார் கம்பனியின் கையில் இருந்தன. மொன்றியல் லைற், ஹீற் அன்ட் பவர் என்பது அதன் பெயர், ஹேர்பேட் ஹோல்ட் அதன் தலைவர். விலையை அவர்கள்தான் வைத்தார்கள். லாபம் குறைந்த இடத்துக்குக் கம்பி இழுக்க இப்படிப்பட்ட கம்பனிகளுக்கு அவசரமில்லை, கியூபெக்கின் கிராமங்கள் இருட்டில் கிடந்தன. 1944 ஏப்ரல் 14இல் கோட்பூ அரசு அந்தக் கம்பனியைச் சட்டத்தால் கையகப்படுத்தி ஹைட்ரோ கியூபெக்கை உருவாக்கியது. மற்றப் பகுதிகள் தொடர்ந்தும் தனியாரிடமே இருந்தன. 1960இல் அமைச்சரான றெனே லெவெக், தொலைக்காட்சிச் செய்தியாளராகப் பெயர் எடுத்தவர். அவர் கரும்பலகையும் சோக்கட்டியுமாகச் சனங்கள் முன் நின்று, எந்த ஆற்றின் கரண்ட் யாரிடம் இருக்கிறது, ஒரே மாகாணத்தில் ஏன் ஊருக்கு ஊர் விலை மாறுகிறது என்று வகுப்பெடுத்தார். லெசாஜ் அரசு இந்த ஒரு கேள்வியை முன்வைத்தே தேர்தலுக்குப் போனது. எங்கள் வீட்டுக்கு நாங்களே எசமானர் என்பதுதான் கோஷம். 1962 நவம்பர் 14இல் வென்றார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் 11 தனியார் கம்பனிகள் ஹைட்ரோவிடம் வந்து சேர்ந்தன. லெவெக் 1987இல் இறந்தபின் டோச்செஸ்டர் என்றிருந்த தெருவுக்கு அவருடைய பெயர் வந்தது.

கரண்ட் யாருக்குச் சொந்தம் என்று ஒரு மாகாணமே வாக்குப் போட்டுத் தீர்மானித்த கதை இது. சாதாரணச் சனத்துக்கு மெகாவோட் விளங்காது என்று யாரும் ஒதுக்கிவைக்கவில்லை. உங்கள் பிள்ளைக்கும் விளங்கும்.

அதே தெருவில் மேற்கே போனால் இன்னொரு கதை கிடைக்கும். டவுன்டவுனைத் தாண்டி அட்வாட்டரைக் கடந்தால் வெஸ்ட்மவுண்ட். அங்கே தெரு மறுபடியும் டோச்செஸ்டர் ஆகிவிடுகிறது, கரண்ட் பில்லும் மாறிவிடுகிறது. அந்தச் சிறு நகரம் ஹைட்ரோ வெஸ்ட்மவுண்ட் என்ற தன் சொந்த அமைப்பின் மூலம் வீடுகளுக்குக் கரண்ட் விநியோகிக்கிறது. 1906இல் வீட்டுக் குப்பையை எரித்து அந்த வெப்பத்தில் கரண்ட் எடுக்கும் நிலையம் ஒன்றைத் தானே கட்டிக்கொண்ட நகரம் அது. பக்கத்து ஊர் பெரிய கம்பனி சொன்ன விலையைக் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு நகரசபை தன் குப்பையைப் பார்த்து இதிலும் கரண்ட் இருக்கிறதே என்று யோசித்திருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.

பிறகு தூரத்தைப் பற்றிச் சொல்லுங்கள். பெரிய ஆறுகள் வடக்கே, ஆட்கள் தெற்கே. மனிகுவாகன் ஆற்றை மறித்து 1968இல் கட்டி முடித்த அணை 214 மீற்றர் உயரம், டவுன்டவுனில் நாம் அண்ணாந்து பார்க்கும் பிளாஸ் வில் மரியை விட உயரம். அங்கிருந்து கரண்டைத் தெற்கே கொண்டுவந்தால் வழியிலேயே ஒரு பகுதி கம்பியில் சூடாகிப் போய்விடும் என்பதுதான் சிக்கல். அழுத்தத்தைக் கூட்டினால் அதே சக்தியைக் குறைந்த மின்னோட்டத்தில் அனுப்பலாம், இழப்பும் குறையும். ஜோன் ஜாக் ஆர்ஷம்போ என்ற பொறியியலாளர் 735 கிலோவோல்ட் என்று கணக்குப் போட்டார். 1965இல் அப்படியொரு மின்வழி இங்கேதான் உலகில் முதன்முதலாக வேலைக்கு வந்தது.

நீண்ட கம்பிக்கும் ஒரு விலை இருந்தது. 1998 ஜனவரி உறைமழையை அனுபவித்த பெற்றோர் இதை வாசிப்பீர்கள். பனிக்கட்டியின் பாரம் தாங்காமல் கோபுரங்கள் மடிந்து விழுந்தன. கியூபெக்கில் 14 இலட்சம் வாடிக்கையாளர்களுக்குக் கரண்ட் நின்றது, தென்கரையில் சிலர் ஒரு மாதம் வரை காத்திருந்தார்கள். டவுன்டவுன் இருண்டது. குடிதண்ணீரைச் சுத்திகரிக்கும் நிலையங்களுக்கே கரண்ட் இல்லாமல் போய், நகரத்துக்குத் தண்ணீர் நின்றுவிடுமோ என்ற நிலை வந்தது. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கெரித்தவர்கள், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டவர்கள், அந்த வாரம் இந்த நகரத்தில் மற்றவர்களை விடக் குறைவாகப் பதறியிருப்பார்கள். அந்த அனுபவத்தைப் பிள்ளைகளிடம் கஷ்டக் கதையாக மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறோம். கரண்ட் ஓர் ஊருக்குப் போகலாமா, போகக்கூடாதா என்று எங்கோ இருந்து யாரோ முடிவெடுக்க முடியும் என்பதற்கு அதுவும் சாட்சி. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம். இதை நீங்கள் மறைப்பதுதான் எனக்குப் பெரும் மனக்குறை.

1971 ஏப்ரலில் முதலமைச்சர் றொபேர் புராசா ஜேம்ஸ் குடாத் திட்டத்தை அறிவித்தார். மொன்றியலில் இருந்து ஆயிரம் கிலோமீற்றர் வடக்கே லா கிறாண்ட் ஆற்றில் தொடர் அணைகள். அங்கே காலங்காலமாக வேட்டையாடி, மீன்பிடித்து வாழ்ந்த கிறீ மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்கள் நீதிமன்றம் வந்தார்கள். காட்டில் வாழ்ந்த வேட்டைக்காரர்கள் நகரத்துக்கு வந்து நீதிபதி முன் சாட்சி சொன்னார்கள். 1973 நவம்பர் 15இல் நீதிபதி அல்பேர் மலூஃப் வேலையை நிறுத்தச் சொல்லித் தீர்ப்பளித்தார். ஒரு வாரத்தில் மேல்நீதிமன்றம் அந்தத் தடையைத் தூக்கியது. வேலை தொடர்ந்தது. ஆனாலும் அந்தத் தீர்ப்பின் அழுத்தத்தில் அரசு பேச்சுக்கு வந்து, 1975 நவம்பர் 11இல் கிறீ, இனுயிட் மக்களோடு உடன்படிக்கை எழுதியது. 1979இல் முதல் நிலையம் கரண்ட் தரத் தொடங்கியது. முதற் கட்டத்தின் நீர்த்தேக்கங்கள் பரந்து கிடக்கும் இடம் ஏறத்தாழ 11,000 சதுர கிலோமீற்றர், யாழ்ப்பாண மாவட்டத்தைப் போலப் பத்து மடங்கு. ஆற்றோட்டம் மாறியதால் கரை அரிக்கும் என்ற அச்சத்தில் போர்ட் ஜோர்ஜ் தீவில் இருந்த ஊர் முழுவதும் பெயர்ந்து சிசாசிபி என்ற புது ஊருக்குப் போனது. மூழ்கிய மரமும் மண்ணும் அழுகும்போது பற்றீரியாக்கள் மண்ணில் இருந்த பாதரசத்தை உடலில் சேரக்கூடிய வடிவத்துக்கு மாற்றின. அது சின்ன மீனுக்கும், அதைத் தின்ற பெரிய மீனுக்கும், அதைத் தின்ற மனிதருக்கும் ஏறியது. மீனே உணவாக இருந்த மக்களுக்கு, மீனைக் குறைத்துச் சாப்பிடுங்கள் என்று வைத்தியர்கள் சொல்லவேண்டி வந்தது.

எங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் விடுவது எப்படிச் சரியாகும்? கேட்காமல் நிலம் எடுத்தால் என்ன வலி என்று மற்றவர்களுக்கு விளக்கவேண்டியிருக்கும். எங்களுக்குமா? 2006இல் சம்பூர் மக்கள் குண்டுவீச்சுக்குள் ஓடினார்கள். ஓடிய மக்களின் நிலம் நிலக்கரி மின்நிலையத்துக்கென்று குறிக்கப்பட்டது. 2016இல் அந்தத் திட்டம் கைவிடப்படும்வரை நாம் இங்கே பேசினோம், எழுதினோம், கையெழுத்து வைத்தோம். சுன்னாகத்தில் டீசல் மின்நிலையத்தின் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்தபோது கொதித்தோம். 2019 ஏப்ரலில் இலங்கை உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கச் சொன்னதைப் பகிர்ந்துகொண்டோம். சரிதான், செய்யத்தான் வேண்டும். அதே நீதியை, நாம் குளிர்காலம் முழுக்கச் சூடாக இருக்கத் தன் நிலத்தைத் தண்ணீருக்குக் கொடுத்த மக்களுக்கும் சொல்லிப் பழக்க வேண்டாமா? "இது சுத்தமான கரண்ட், தண்ணீர்க் கரண்ட்" என்று பெருமைப்படும் பிள்ளையிடம் "ஓம், புகை இல்லை. ஆனால் ஒரு ஊர் இடம்பெயர்ந்தது" என்று சொல்லப் பயப்படாதீர்கள். பிள்ளைகள் உண்மையைத் தாங்குவார்கள்.

அதோடு, சொல் கேட்கப்பட்ட கதையையும் சொல்லுங்கள். பெரிய திமிங்கில ஆற்றை மறிக்கும் அடுத்த திட்டம் வந்தபோது கிறீகளும் இனுயிட்டுகளும் பாதி கிறீ வள்ளமும் பாதி இனுயிட் வள்ளமுமாக ஒரு படகு செய்து, 1990 ஏப்ரலில் நியூயோர்க் வரை துடுப்புப் போட்டுப் போனார்கள். கரண்ட் வாங்கவிருந்த ஊரிடமே நேரே போய்ச் சொன்னார்கள். 1992இல் நியூயோர்க் ஒப்பந்தத்தைக் கைவிட்டது, 1994இல் பரிசோ அரசு திட்டத்தை நிறுத்தியது. 2004இல் போஹார்னுவாவில் காஸ் எரிக்கும் நிலையம் ஒன்று வரப்போகிறது என்றதும் மொன்றியல் சனம் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கில் வீதிக்கு வந்தது. அந்த ஆண்டு முடியுமுன்னே அந்தத் திட்டமும் போனது.

ஸ்காபரோவில் சொந்தங்கள் இல்லாத மொன்றியல் தமிழ்க் குடும்பம் ஏது? கல்யாணம், சாமத்தியவீடு, அந்தியேட்டி என்று வருடம் முழுக்க 401இல் ஓடுகிறோம். பின்சீற்றில் பிள்ளைகள் போனைப் பார்த்தபடி வருவார்கள். அந்தப் பாதையே ஒரு வகுப்பறை. கோர்ன்வால் வரும்போது சொல்லுங்கள்: 1958 ஜூலை 1இல் இங்கே சென் லோறன்ஸ் ஆற்றை அணைக்காகப் பெருகவிட்டபோது ஊர்கள் மூழ்கின, ஏறத்தாழ 6,500 பேர் முன்னதாகவே வீடுகளை விட்டுப் பெயர்ந்தார்கள். ஒஷாவாவுக்கு முன்னால் இடது பக்கம், ஏரிக்கரையில் தெரிவது டார்லிங்டன் அணுமின் நிலையம். அதையும் தாண்டிப் பிக்கறிங். 1971 முதல் அணுவால் கரண்ட் எடுக்கும் இடம், எங்கள் சனம் செறிந்து வாழும் இடங்களுக்குப் பக்கத்திலேயே. ஒன்ராறியோவின் கரண்டில் ஏறக்குறைய பாதி அணுவில் இருந்து வருகிறது. நிலக்கரியை 2014இல் முற்றாக விட்டார்கள். கியூபெக்கோ தன் ஒரேயொரு அணுமின் நிலையமான ஜென்ரியியை 2012 டிசெம்பரில் மூடியது, திருத்த நாலு பில்லியன் டொலருக்கு மேல் கேட்டதால். பக்கத்துப் பக்கத்து மாகாணங்கள், பனியும் ஒன்று, குளிரும் ஒன்று. ஏன் இப்படி வேறு வேறு வழி? பிள்ளை கேட்கட்டும். இங்கே வடக்கில் பேராறுகள் நிறைய, அங்கே பெரிய ஆறுகளை முன்னமே பாவித்து முடித்துவிட்டார்கள், யுரேனியமும் அணுத் தொழில்நுட்பமும் அவர்கள் கையில் இருந்தன. அங்கே கழிவைப் பன்னெடுங்காலம் பாதுகாக்க வேண்டும், இங்கே நிலம் தண்ணீருக்குள் போனது. இரண்டு மணித்தியாலம் பேச இது போதும். ரொறன்ரோ வந்ததும் தெரியாது.

இதெல்லாம் பழங்கதை, இனி என்ன என்று நினைக்காதீர்கள். 2023 பெப்ரவரி 3, கடுங்குளிர். அன்றைக்குக் கியூபெக்கின் தேவை 43,000 மெகாவோட்டைத் தாண்டியது. ஹைட்ரோவின் சொந்த நிலையங்களால் ஏறக்குறைய 37,000தான் தர முடியும். மிச்சம் லாப்ரடோரில் உள்ள சேர்ச்சில் நீர்வீழ்ச்சியில் இருந்தும் காற்றாலைகளில் இருந்தும் அயல் மாகாணங்களில் இருந்தும் வந்தது. சேர்ச்சில் கரண்டை 1969 ஒப்பந்தப்படி அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்று நியூபவுண்ட்லாந்துக்காரர் அரை நூற்றாண்டாகக் குறைபட்டார்கள். 2024 டிசெம்பரில்தான் விலையைக் கூட்டிப் புதிய இணக்கம் காணப்பட்டது. எங்கள் பில் வட அமெரிக்காவிலேயே குறைந்ததாக இருப்பதற்குப் பின்னால் இதுவும் இருக்கிறது.

ஒரு ஊர் எந்தக் கரண்டைத் தெரிவுசெய்வது என்பதை வருடத்தின் சராசரி நாள் தீர்மானிப்பதில்லை, மிகக் குளிரான அந்தச் சில மணித்தியாலங்கள்தான் தீர்மானிக்கின்றன. காலையில் எல்லாரும் எழும்பி ஹீற்றரைக் கூட்டி, குளித்து, தேநீர் போடும் நேரம். மாலையில் வீடு திரும்பிக் குசினியில் அடுப்பு எரியும் நேரம். அந்த நேரத்துக்காகத்தான் புதிய அணை, புதிய காற்றாலை, புதிய கம்பி எல்லாம். குளிர்கால உச்ச நேரத்தில் குறைத்துப் பாவித்தால் பில்லில் கழிவு தரும் திட்டம் ஹைட்ரோவிடம் இருக்கிறது, முதல்நாளே அறிவித்தல் வரும். அதில் சேர்ந்து, அந்த அறிவித்தலைப் பிள்ளையிடம் கொடுங்கள். எதை நிறுத்தலாம், எதை நிறுத்த முடியாது என்று அதுவே வீட்டைச் சுற்றிப் பார்த்துச் சொல்லட்டும். லைற் ஒன்றை நூர்ப்பதால் மிச்சமாவது எவ்வளவு, ஹீற்றரை இரண்டு பாகை குறைப்பதால் மிச்சமாவது எவ்வளவு என்று ஒருநாளில் விளங்கிக்கொள்ளும். லைற்றைப் பற்றி மட்டும் சத்தம் போட்டுக்கொண்டிருந்த நமக்கும் விளங்கும்.

நகரமும் தெரிவு செய்துகொண்டுதான் இருக்கிறது. டவுன்டவுனின் உயர்ந்த கட்டடங்கள் சில இன்னும் காஸ் எரித்து நிலத்தடிக் குழாயில் அனுப்பும் நீராவியால் சூடாகின்றன. புதிய கட்டடங்களில் காஸ் வேண்டாம் என்று மொன்றியல் நகரசபை 2023இல் சட்டம் போட்டது. சிறிய கட்டடங்களுக்கு 2024 ஒக்டோபரிலும் பெரியவற்றுக்கு 2025 ஏப்ரலிலும் அது நடைமுறைக்கு வந்தது. நல்ல முடிவு என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் காஸில் இருந்து விலகிய ஒவ்வொரு கட்டடமும் அந்தக் குளிர்காலக் காலையில் ஹைட்ரோவின் வாசலில் வந்து நிற்கும். பெரிய தொழிற்சாலைக்கோ கணினித் தரவு மையத்துக்கோ கரண்ட் கொடுப்பதா என்று அமைச்சரே தெரிவு செய்யும் அதிகாரத்தை 2023 பெப்ரவரிச் சட்டம் கொடுத்தது, எல்லாருக்கும் கொடுக்கப் போதாது என்பதால். கியூபெக்கில் கரண்ட் போதாது என்ற நிலை வரும் என்று பத்து வருடத்துக்கு முன் யாரும் நினைக்கவில்லை.

2023 நவம்பரில் ஹைட்ரோ வெளியிட்ட திட்டம் 2035ஐ இலக்காக வைத்தது. 15,500 கோடி முதல் 18,500 கோடி டொலர் வரை முதலீடு, 8,000 முதல் 9,000 மெகாவோட் வரை புதிதாக. அது எந்த ஆற்றில், எந்த மலையில், யாருடைய வயலில் வரப்போகிறது என்ற கேள்வி இனித்தான் ஊர் ஊராக எழும். பொது விசாரணைகள் நடக்கும், வாக்கெடுப்பு வரும், அறிக்கைகள் பிரெஞ்சில் வரும். நமக்குப் பிரெஞ்சு தட்டுத்தடுமாறும். பிள்ளைகளுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. மொழி அவர்களிடம் இருக்கிறது, கேள்வியை நாம்தான் கொடுக்கவில்லை.

இன்றைக்குப் பத்து வயதாக இருக்கும் பிள்ளை 2035இல் வாக்குப் போடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் அந்த ஹைட்ரோ பில்லை அடுத்த முறை நீங்கள் தனியே திறக்காதீர்கள். பிள்ளையைப் பக்கத்தில் இருத்தித் திறவுங்கள். ஒரு நாளைக்கு 40 கிலோவோட் மணி வரை ஒரு விலை, அதற்கு மேல் கூடிய விலை என்று அதில் இருக்கும். ஏன் அப்படி என்று முதலில் அதைக் கேளுங்கள்.